ஏஐஎஸ் வைத்த பிறகு வயர்லெஸ்ஸில் இடம் காட்டவில்லை: எந்தப் பெட்டி எதனோடு பேசுகிறது?

கடலோடி மகன் (கேள்வி)

என் ஊர் இனயம். தேங்காப்பட்டணத்திலிருந்து தொழிலுக்குப் போகிறோம். 38 அடி ஃபைபர் படகு, உள் எஞ்சின், 12 வோல்ட்டில் இரண்டு பேட்டரி. அப்பா, நான், கூட நான்கு பேர். தடைக்காலம் ஜூலை 31 வரை இருப்பதால் படகு கரையில் கிடக்கிறது. வலை வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு மூன்று நாளாகக் கேபினுக்குள் வயர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லித் தர வேண்டும்.

படகில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நிற்கும் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் ஏழு அங்குல ஜிபிஎஸ் பிளாட்டர், ஆழமும் மீனும் காட்டும் எக்கோவும் அதிலேயே சேர்ந்தது. அடியில் எக்கோவுக்குச் சத்தம் விட்டு வாங்கும் 50/200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர். சிவப்பு மூடிக்குள் ஆபத்துப் பட்டன் உள்ள விஎச்எஃப் வயர்லெஸ். இந்த மார்ச்சில் வாங்கிய ஏஐஎஸ், பி வகுப்பு; நம் இடத்தைக் கப்பல்களுக்கும் கப்பல்களின் இடத்தை நமக்கும் சொல்லும் பெட்டி. அனுப்பும், வாங்கவும் செய்யும். அப்புறம் அரசு கொடுத்த செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர், அது போனோடு புளூடூத்தில் பேசுகிறது. எல்லாம் ஒரே நாளில் வாங்கியதில்லை. நல்ல பாடு கிடைத்த வருஷம் ஒன்று, கடன் அடைந்த வருஷம் ஒன்று என்று சேர்த்தது. அதனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி.

பிரச்சினை இது. வயர்லெஸ் திரையில் முன்பெல்லாம் நாம் நிற்கும் இடம் டிகிரியும் நிமிடமுமாகத் தெரியும். இப்போது அந்த வரியில் வெறும் கோடுகள். அவ்வப்போது பீப் அடித்து, இடத்தைக் கையால் பதியச் சொல்கிறது. பிளாட்டரில் எந்தக் குறையும் இல்லை. இடம் காட்டுகிறது, ஆழம் காட்டுகிறது. ஏஐஎஸ் வைத்த பிறகு கப்பல்களும் சின்னச் சின்ன முக்கோணமாக வருகின்றன. வயர்லெஸ் மட்டும் குருடாக இருக்கிறது. இன்னும் இரண்டு தொல்லை உண்டு. வயர்லெஸ்ஸில் பேசப் பட்டனை அழுத்தினால் சில நேரம் பிளாட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. இரவில் எல்இடி விளக்குப் போட்டால் வயர்லெஸ்ஸில் இரைச்சல்.

ஒரு கடையில் கேட்டேன். எல்லாம் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் ஒன்றோடு ஒன்று பேசும், மொத்தமாக மாற்றுங்கள் என்றார்கள். இன்னொரு இடத்தில் பேக்போன் செட் ஒன்று புதிதாகப் போட்டால் சரியாகும் என்றார்கள். இரண்டுக்கும் இப்போது கையில் காசு இல்லை. அதைவிட, யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க எனக்கு விஷயம் தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30. சித்தப்பா அன்று கடலில் இருந்தார். அவர் வயர்லெஸ்ஸில் ஒரு படகின் குரல் வந்திருக்கிறது. எங்கே நிற்கிறோம் என்று அவர்கள் எண்ணைச் சொல்லச் சொல்லக் காற்றில் முறிந்துபோனது. வடக்கு எண் முழுதாக வந்தது, கிழக்கு எண் பாதிதான் வந்தது. கிடைத்த பாதியை வைத்துக்கொண்டு இவர்களும் தேடினார்கள். சித்தப்பா இன்றைக்கும் அந்த எண்ணைச் சொல்வார். அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்தினால் வாய் பேசாமலே இடம் போய்ச் சேரும் என்பதற்காகத்தான் நான் அந்த வயர்லெஸ்ஸை வாங்கினேன். இப்போது அதற்கே இடம் தெரியவில்லை.

அப்பா கணியம் பார்த்துத் தொழில் செய்தவர். எந்த மலை எந்தக் கோயில் கோபுரத்துக்கு நேராக வந்தால் எந்தப் பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேல் நிற்கிறோம் என்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கும். இந்த வயர்களைப் பற்றி என் பையன் நாளைக்குக் கேட்டால் எனக்கும் அப்படிச் சொல்லத் தெரிய வேண்டும். யாராவது வந்து சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனால் போதாது. 40 கடல் மைல் வெளியே வயரிங்காரரைக் கூப்பிட முடியாதே.


குளச்சல் வயரிங்

தம்பி, கடலில் போகாத ஆள் நான். ஆனால் 19 வருஷமாகப் படகுகளின் கேபினுக்குள்தான் என் பிழைப்பு. முன்பு இடம் தெரிந்தது, ஏஐஎஸ் வைத்த பிறகு தெரியவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. பெட்டி எதுவும் கெடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டிகள் ஒன்றோடு ஒன்று பேச உங்கள் படகில் ஓடுவது பெரும்பாலும் என்எம்இஏ 0183 என்ற பழைய முறை. கோயில் திருவிழாவில் மைக் செட் பார்த்திருப்பீர்கள். மைக் ஒன்று, அதிலிருந்து வயர் இழுத்துத் தெருவெல்லாம் ஹாரன் கட்டுவார்கள். பேசுவது ஒருவர், கேட்பது பலர். ஹாரன் திரும்பப் பேசாது. 0183 அப்படித்தான். ஒரு ஜோடி வயரில் பேசும் பெட்டி ஒன்றுதான் இருக்கலாம், கேட்கும் பெட்டி இரண்டு மூன்று இருக்கலாம். பிளாட்டர் இடத்தைச் சொல்கிறது, வயர்லெஸ் கேட்கிறது. ஏஐஎஸ் கப்பல்களைச் சொல்கிறது, பிளாட்டர் கேட்கிறது. இரண்டு பேச்சு, இரண்டு ஜோடி. பேசும் வயர்கள் இரண்டை ஒன்றாக முறுக்கிவிட்டால் இரண்டு பேரும் ஒரே மைக்கில் கத்துகிற மாதிரி, எதுவும் கேட்காது. பெட்டி சூடாகிக் கெடவும் கூடும்.

அவை பேசுவது வெறும் எழுத்து வரிகள்தான். யுஎஸ்பி வயர் ஒன்றை மடிக்கணினியில் மாட்டினால் நீங்களே படிக்கலாம். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கும். அடுத்த இரண்டு எழுத்து பேசுவது யார் என்பது: ஜிபி என்றால் ஜிபிஎஸ், எஸ்டி என்றால் எக்கோ. அதற்கடுத்த மூன்று எழுத்து என்ன சேதி என்பது. ஆர்எம்சி என்றால் நேரம், இடம், வேகம், போகும் திசை. டிபிடி என்றால் ஆழம். வரியின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அது பொருந்தாவிட்டால் கேட்கிற பெட்டி அந்த வரியையே தூக்கிப் போட்டுவிடும். ஏஐஎஸ் வரிகள் மட்டும் டாலருக்குப் பதில் ஆச்சரியக்குறியில் தொடங்கும்.

இப்போது உங்கள் குறைக்கு வருகிறேன். இந்த வரிகள் வழக்கமாக நொடிக்கு 4800 பிட் வேகத்தில் போகும். அதாவது நொடிக்கு 480 எழுத்து. ஒரு வரி 82 எழுத்தைத் தாண்டாது. ஆக நொடிக்கு ஐந்தாறு வரிதான். இடமும் ஆழமும் சொல்ல அது தாராளம். ஏஐஎஸ்ஸுக்குப் பற்றாது. சுற்றி 30 கப்பல் இருந்தால் அத்தனை பேர் சேதியும் வர வேண்டும். அதனால் ஏஐஎஸ் 38400 வேகத்தில் பேசும், எட்டு மடங்கு. மார்ச்சில் மாட்டியவர் ஏஐஎஸ் கேட்பதற்காகப் பிளாட்டரின் அந்த போர்ட்டை (வயர் சேரும் இணைப்பை) 38400-க்கு மாற்றியிருப்பார். பல பிளாட்டர்களில் ஒரு போர்ட்டில் கேட்கும் வேகமும் பேசும் வேகமும் ஒன்றுதான், தனித்தனியாக வைக்க முடியாது. ஆக அதே போர்ட்டிலிருந்து வயர்லெஸ்ஸுக்குப் போகும் இடமும் 38400-இல் போகிறது. வயர்லெஸ் இன்னும் 4800-இல் காது வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அது வெறும் குப்பை. சரிபார்ப்பு எண் பொருந்தாமல் ஒவ்வொரு வரியையும் எறிந்துகொண்டிருக்கும்.

பிளாட்டர் மெனுவில் இரண்டாவது போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை 4800-இல் வைத்து வயர்லெஸ்ஸை அங்கே மாற்றுங்கள். இல்லையென்றால் வயர்லெஸ் மெனுவில் 38400 தேர்வு இருக்கிறதா பாருங்கள், சில மாடல்களில் உண்டு. இரண்டும் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. ஏஐஎஸ்ஸுக்குத் தனியாக ஜிபிஎஸ் ஆன்டெனா உண்டு, கவனித்திருப்பீர்கள். அது பிளாட்டரை நம்பி இருப்பதில்லை. அந்த ஏஐஎஸ்ஸில் இன்னொரு வெளியீடு இருந்தால் அதிலிருந்தே வயர்லெஸ்ஸுக்கு இடம் கொடுக்கலாம்.

வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 0183-இல் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலைப் பார்த்து, ஒன்றின் அனுப்பும் வயரை மற்றதன் வாங்கும் வயரில் சேருங்கள். கூட்டல் கூட்டலோடு, கழித்தல் கழித்தலோடு. சில பெட்டிகளில் அனுப்புவதற்கு ஒரே வயர்தான் இருக்கும்; அப்போது கேட்கும் பெட்டியின் கழித்தல் வயரை அனுப்பும் பெட்டியின் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். அதை அந்தரத்தில் விட்டுவிட்டு எதுவும் வரவில்லை என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரே கம்பெனி வேண்டும் என்று சொன்னது சரியில்லை. இடம், ஆழம், வேகம், ஏஐஎஸ் இதெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான மொழி. ரேடார் படமும் எக்கோவின் படமும்தான் அந்தந்தக் கம்பெனிக்குள் ஓடுவது. இன்னொரு கம்பெனித் திரைக்கு ஆழத்தின் எண் போகும், மீன் கூட்டத்தின் படம் போகாது. டிரான்ஸ்டியூசர் வயர் இந்தக் கணக்கிலேயே வராது, அது நேராக எக்கோவுக்குத்தான். அதை வெட்டி ஒட்டாதீர்கள், மற்ற வயர்களோடு கட்டாகக் கட்டவும் வேண்டாம். அடியில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைத்தான் அந்த வயர் கொண்டுவருகிறது. தண்ணீரில் சத்தம் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 75 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய சத்தத்தின் பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

பேசும்போது பிளாட்டர் அணைவது கரன்ட் குறை. 25 வாட்டில் பேசும்போது வயர்லெஸ் 5, 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து கேபினுக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்தத் தூரத்துக்கு ஒன்றேகால் வோல்ட் வழியிலேயே போய்விடும். கூட ஒரு களிம்பேறிய டெர்மினலும் இருந்தால் பிளாட்டர் எப்படி நிற்கும்? 4 சதுர மில்லிமீட்டர், டின் பூசிய செம்பு வயர் போடுங்கள். இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும். வயர்லெஸ்ஸுக்குத் தனி ஃபியூஸ், பிளாட்டருக்குத் தனி ஃபியூஸ். வோல்ட் மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்காதீர்கள். வயர்லெஸ்ஸின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச்சுப் பட்டனை அழுத்திப் பாருங்கள்.


தூத்தூர் தங்கல்

மக்கா, குளச்சல்காரர் சொன்னதற்கு மேல் வயரைப் பற்றி எனக்குத் தெரியாது. 30 வருஷம் தங்கல் தொழில் (நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பது) செய்தவன், லட்சத்தீவுக்கு அந்தப் பக்கமும் குஜராத் பக்கமும். கடலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

உன் வயர்லெஸ்ஸில் எம்எம்எஸ்ஐ எண், அதாவது படகின் அடையாள எண், போட்டிருக்கிறதா? ஒன்பது இலக்கம், நம் நாட்டு எண் 419-இல் தொடங்கும். அந்த எண் இல்லாவிட்டால் சிவப்புப் பட்டன் வேலையே செய்யாது. ஜிபிஎஸ்ஸைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. எங்கள் பக்கத்தில் இரண்டு படகுக்கு ஒரே எண்ணை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு படகு கொல்லம் கடலில், இன்னொன்று மங்களூர் கடலில். ஏஐஎஸ்ஸில் பார்த்தால் ஒரே படகு இங்கும் அங்கும் குதிக்கிறது. அன்றைக்கு ஆபத்து என்று ஒருவர் அழுத்தியிருந்தால் எந்தப் படகைத் தேடுவார்கள்? உன் உரிமத்தில் உள்ள எண்தானா என்று வயர்லெஸ்ஸிலும் ஏஐஎஸ்ஸிலும் தனித்தனியாகப் பார். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும், அது உன்னுடையதாக இருக்க வேண்டும். நிறைய வயர்லெஸ்ஸில் ஓரிரு தடவைக்கு மேல் எண்ணை மாற்ற விடாது, அதனால் தட்டும்போது பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்.

அடுத்தது, இடம் எழுதும் முறை. உன் சித்தப்பா கதையைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. சில பெட்டி டிகிரி, நிமிடம், நொடி என்று காட்டும். சில பெட்டி நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்துக் காட்டும். 14 நிமிடம் 30 நொடி என்பதும் 14 புள்ளி 30 நிமிடம் என்பதும் ஒன்று இல்லை. முன்னது 14.5 நிமிடம். இரண்டுக்கும் நடுவே 370 மீட்டர். பாரைத் தேடும்போது 370 மீட்டர் விலகினால் வலை வெறும் தண்ணீரில் கிடக்கும். அலையில் ஒரு தலையைத் தேடும்போது 370 மீட்டர் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டாம். எல்லாப் பெட்டியையும் ஒரே முறையில் வை. புள்ளி முறைதான் பெரும்பாலும் எல்லோரும் வைப்பது. வாயால் சொல்லும்போது "புள்ளி" என்ற வார்த்தையை விழுங்காதே. ஆழத்தையும் அப்படியே, மீட்டரா பாகமா (ஆறடிக் கணக்கா) என்று படகில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் துறைமுக வாயில் மணல் திட்டு எப்படி என்று உனக்குத் தெரியும். எக்கோ காட்டும் ஆழம் தண்ணீர் மட்டத்திலிருந்தா, டிரான்ஸ்டியூசரிலிருந்தா என்று மெனுவில் பார்த்து வை.

ஏஐஎஸ்ஸை முழுசாக நம்பிவிடாதே. உன்னுடையது 2 வாட்டில் அனுப்பும். 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடும்போது 30 நொடிக்கு ஒரு தடவை உன் இடத்தைச் சொல்லும். வலை விட்டு நீரோட்டத்தில் கிடக்கும்போது 3 நிமிடத்துக்கு ஒரு தடவைதான். 15 நாட் கப்பல் 3 நிமிடத்தில் முக்கால் கடல் மைல் வந்துவிடும். கன்னியாகுமரிக்குத் தெற்கே கப்பல் பாதை எப்படி நெருக்கம் என்று பார்த்திருப்பாய், இப்போது விழிஞ்ஞத்துக்கு வருவதும் சேர்ந்திருக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளக் கடலில் கப்பல் மோதி நம் மாவட்டத்து ஆட்கள் போனது மறக்க முடியுமா? பாடு கிடைக்கும் இடம் பிறருக்குத் தெரியக் கூடாது என்று ஏஐஎஸ்ஸை அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கப்பல் பாதையில் அதைச் செய்யாதே மக்கா. முழித்திருக்க ஓர் ஆளும் வேண்டும்.

டிரான்ஸ்பாண்டரை எதனோடும் சேர்க்க நினைக்காதே. அது செயற்கைக்கோளோடு பேசுவது. உன் விஎச்எஃப் எட்டாத தூரத்துக்கு அதுதான் துணை. நான்கு மீட்டர் உயர ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் விஎச்எஃப்பில் ஒன்பது கடல் மைல் பேசலாம், அவ்வளவுதான். கரையில் உயரமான ஆன்டெனா இருந்தால் இன்னும் கொஞ்சம். ஒக்கியில் நம் குரல் கரைக்கு வராததற்குக் காரணம் அது. மற்ற எல்லாம் செத்தாலும் அந்த ஒரு பெட்டி தன்பாட்டில் உயிரோடு இருக்க வேண்டும். கூட, பென்சில் பேட்டரி போடும் கை ஜிபிஎஸ் ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வை.


மணக்குடி டிப்ளமா

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு மாமா படகில் வயரிங் செய்து கொடுத்தேன். பேக்போன் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அது என்எம்இஏ 2000. அண்ணன் சொன்ன மைக் செட்டுக்குப் பதிலாக அன்பியக் கூட்டம் மாதிரி. எல்லோரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் பேசலாம், எல்லோருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் அவசரச் சேதி வைத்திருப்பவர் தொடர்ந்து பேசுவார், மற்றவர் உடனே நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். கார்களுக்குள் பெட்டிகள் பேசிக்கொள்ளும் கேன் பஸ் என்ற வயர் முறையேதான். வேகம் நொடிக்கு 2,50,000 பிட், அதாவது ஏஐஎஸ்ஸின் 38400-ஐப் போல ஆறரை மடங்கு. இங்கே வேகம் பொருந்தவில்லை என்ற பேச்சே இல்லை, எல்லோருக்கும் ஒரே வேகம்.

நடுவே ஒரு நீளமான வயர் ஓடும், அதுதான் பேக்போன். டி வடிவ இணைப்பு போட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கிளை. கிளை 6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பேக்போனின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) கட்டாயம், இரண்டே இரண்டு. நிறங்கள் இங்கே எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: சிவப்பும் கறுப்பும் கரன்ட், வெள்ளையும் நீலமும் சேதி. எதுவும் வேலை செய்யவில்லை என்றால் கரன்ட்டை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரை வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவே வையுங்கள். 60 ஓம் காட்டினால் வயர் நலம். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் விட்டுப்போயிருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவதாக ஒன்று எங்கோ மாட்டியிருக்கிறது. மாமா படகில் 120 காட்டியது. முனையில் இருந்த டெர்மினேட்டரை மூடி என்று நினைத்து யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள்.

புதிதாகப் படகு கட்டுபவர்கள் இதைத்தான் போட வேண்டும் என்பது என் எண்ணம். பெட்டி சேர்க்க வேண்டும் என்றால் இன்னொரு டி போட்டால் போதும்.


குளச்சல் வயரிங்

தம்பி சொன்ன 60 ஓம் கணக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் நான்கு பெட்டி உள்ள இந்தப் படகுக்கு இப்போது அது தேவையில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 0183-இல் ஒரு வயர் போனால் ஒரு பேச்சுதான் போகும். பேக்போனில் ஒரு இணைப்புக்குள் உப்புத்தண்ணீர் போனால் எல்லோர் வாயும் ஒரே நேரத்தில் அடைத்துவிடும். அதைக் கேபினுக்குள் ஈரம் படாத உயரத்தில் ஓட்டத் தெரிந்தவர் செய்தால் எனக்கு மறுப்பில்லை.

இன்னொன்று, கடலோடி மகன் தம்பி, ஏஐஎஸ்ஸுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் தனித்தனி விஎச்எஃப் ஆன்டெனா இருக்கிறதா? டிவிக்குப் போடும் ஸ்பிளிட்டரைப் போட்டு ஒரே ஆன்டெனாவில் இரண்டையும் மாட்டிய படகு ஒன்று இந்த வருஷம் என்னிடம் வந்தது. வயர்லெஸ்ஸின் 25 வாட் நேராக ஏஐஎஸ்ஸுக்குள் போய் அதன் உள்வாய் எரிந்துபோயிருந்தது. இதற்கென்றே வரும் ஸ்பிளிட்டர் உண்டு, விலை அதிகம். இரண்டு ஆன்டெனா வைத்துவிடுங்கள், நடுவே முடிந்த அளவு இடைவெளி விட்டு.


கடலோடி மகன்

ஐந்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

குளச்சல் அண்ணன் சொன்னதேதான். பிளாட்டரின் முதல் போர்ட் 38400-இல் நின்றது. மெனுவில் இரண்டாவது போர்ட் இருந்தது, அதன் வயர்கள் டேப் சுற்றிச் சுருட்டி உள்ளே சொருகியிருந்தன. 4800 வைத்து வயர்லெஸ்ஸை அங்கே மாற்றினேன். அப்போதும் கோடுகள்தான். அரை மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு மேனுவலை மறுபடி படித்தேன். வயர்லெஸ்ஸின் வாங்கும் வயர்களில் கூட்டலையும் கழித்தலையும் மாற்றிச் சேர்த்திருந்தேன். மாற்றியதும் ஒரு நொடிகூட ஆகவில்லை. 8 டிகிரி 14 நிமிடம் வடக்கு, 77 டிகிரி 10 நிமிடம் கிழக்கு. அப்பா பக்கத்தில் இருந்தார். பிளாட்டரில் உள்ள எண்ணை அவர் வாசிக்க, வயர்லெஸ்ஸில் உள்ளதை நான் வாசித்தேன். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கமும் பொருந்தியது.

வயரைத் திறந்தபோது கரன்ட் விஷயமும் தெரிந்தது. வயர்லெஸ், பிளாட்டர், கேபின் விளக்கு, போன் சார்ஜர் நான்கும் ஒரே மெல்லிய வயரில், ஒரே ஃபியூஸில் இருந்தன. பேச்சுப் பட்டனை அழுத்தும்போது வயர்லெஸ்ஸின் பின்னால் 10.1 வோல்ட். 4 சதுர மில்லிமீட்டர் வயர் புதிதாக இழுத்துத் தனித்தனி ஃபியூஸ் போட்ட பிறகு அதே பேட்டரியில் 11.9. பிளாட்டர் இப்போது அசையவில்லை. வயரும் ஃபியூஸ் பெட்டியும் சேர்த்து, மொத்தமாக மாற்றச் சொன்ன செலவில் கால் பங்குகூட ஆகவில்லை.

எல்இடி இரைச்சலுக்கு நானே ஒரு வழி பார்த்தேன். வயர்லெஸ்ஸில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைக் குறைத்து வைத்து, விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தேன். ஆறில் ஒன்றுதான் காரணம், ஆன்டெனா வயருக்கு ஒட்டிப் போன பின்பக்க விளக்கு. அதன் வயரை எதிர்ப்பக்கம் மாற்றி, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டினேன். இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது. ஆன்டெனா தனித்தனியாகத்தான் இருக்கிறது.

தூத்தூர் அண்ணன் சொன்ன எம்எம்எஸ்ஐதான் என்னைப் பயமுறுத்தியது. ஏஐஎஸ்ஸில் என் உரிமத்து எண் சரியாக இருந்தது. வயர்லெஸ்ஸில் எண்ணே இல்லை. வாங்கி ஒன்றரை வருஷம். அதை நம்பி எத்தனை இரவு வெளியே கிடந்திருக்கிறோம். சிவப்புப் பட்டனை அழுத்தியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அப்பா வாசிக்க, நான் தட்ட, தங்கை மகள் மூன்றாவது ஆளாகச் சரிபார்க்க, எண்ணை ஏற்றினோம். எல்லாப் பெட்டியும் இப்போது புள்ளி முறையில் இருக்கிறது. ஆழம் பாகத்தில்தான், அப்பாவுக்கு மீட்டர் ஒத்துவராது; கேபின் கதவில் அதைப் பெயிண்டால் எழுதிவிட்டேன். யார் பேசுவது, யார் கேட்பது, எந்த போர்ட், எந்த வேகம், எந்த நிற வயர் என்று ஒரு படம் வரைந்து லேமினேட் செய்து அதன் கீழேயே ஒட்டியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. சிவப்புப் பட்டன் வேலை செய்கிறதா என்று அழுத்தாமலே எப்படித் தெரிந்துகொள்வது?


தூத்தூர் தங்கல்

அதைச் சும்மா அழுத்திப் பார்க்கவே கூடாது, கடலோரக் காவல்படை தேட ஆரம்பித்துவிடும். தெரியாமல் அழுத்திவிட்டால் உடனே அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் கூப்பிட்டுத் தவறு என்று சொல்ல வேண்டும். கரையிலிருந்து என்றால் 1554-க்குப் போன் போடலாம். மெனுவில் டெஸ்ட் கால் என்று ஒன்று இருக்கும். இன்னொரு படகின் எம்எம்எஸ்ஐ எண்ணைப் போட்டு அனுப்பினால் அந்தப் படகிலிருந்து பதில் வரும். உன் எண்ணும் வயரும் ஆன்டெனாவும் சரி என்று அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் படகில் அப்படிப்பட்ட வயர்லெஸ் இருக்கிறது, எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.


கடலோடி மகன்

எண் கிடைத்தது அண்ணன். தடை முடிந்து ஆகஸ்ட் 1 காலையில் துறைமுக வாயைத் தாண்டியதும் போடுகிறேன். டெஸ்ட் கால் அதற்கென்றே உள்ள சேனல் 70-இல் தானாக வரும், நீங்கள் எதையும் திருப்ப வேண்டாம். திரையில் என் எண்ணைப் பார்த்துவிட்டுப் பதில் பட்டனை மட்டும் அழுத்துங்கள். அப்புறம் 16-இல் கூப்பிடுகிறேன், வேறு சேனலுக்கு மாறிப் பேசுவோம். சித்தப்பாவும் அன்றைக்கு எங்கள் படகில் வருகிறார்.